வெள்ளாற்றுக் கழிமுகத்தில் சிறு படகு: ஏற்றமும் வற்றமும் பார்த்துச் செலுத்தும் முறை

பரங்கிப்பேட்டையருகே வெள்ளாறு வங்காள விரிகுடாவில் கலக்கும் கழிமுகத்தில், சிறிய பாயும் அவுட்போர்டு எஞ்சினும் கொண்ட ஃபைபர் படகைச் செலுத்தப் பழகுகிறவர்களுக்காக இக்குறிப்புகள் எழுதப்படுகின்றன. வடகரையில் அன்னங்கோயில் மீன் இறங்குதளமும், தெற்கே கொள்ளிடத்தின் முகத்துவாரம் வரையிலான பகுதியில் பிச்சாவரத்து அலையாத்திக் காடும் அமைந்துள்ள இந்த நீர்ப்பரப்பில், ஒரே நாளில் ஆற்றுப் பயணம், கடற்பயணம், ஓடைப் பயணம் ஆகிய மூன்றும் வாய்க்கும். மூன்றுக்கும் வெவ்வேறு எச்சரிக்கைகள் தேவை. கடலூர் உப்பனாறு, பழவேற்காடு போன்ற சோழமண்டலக் கரையின் பிற முகத்துவாரங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்குப் பொருந்தாது. அங்கே பருவங்களும் அலையின் போக்கும் வேறு.

நீரின் கணக்கு

இக்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு பெரிதன்று. அமாவாசை, பௌர்ணமியையொட்டிய நாட்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் நீர் பத்து மீட்டருக்கு ஏறி இறங்குவதைக் கேள்விப்பட்டவர்கள், இந்த ஒரு மீட்டரைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் முழங்காலளவு நீர் நிற்கும் திட்டின்மேல் ஒரு மீட்டர் கூடினால் அது இடுப்புக்கு மேல் வந்துவிடும். படகு தரைதட்டுவதும் தடையின்றிப் போவதும் அந்த ஒரு மீட்டரால்தான் முடிவாகின்றன. ஆழமில்லாத கழிமுகத்தில் சிறிய ஓதத்துக்கே, அதாவது நீரின் சிறிய ஏற்ற வற்றத்துக்கே, மதிப்பு அதிகம்.

ஒரு நாளில் நீர் இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்தின் உச்சத்திலிருந்து அடுத்த உச்சம் வரை ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள் ஆகும். ஆகவே ஒவ்வொரு நாளும் உச்ச நேரம் சற்றேறக்குறைய 50 நிமிடங்கள் தள்ளிப்போகும். இது நாழிகைக் கணக்கில் இரண்டு நாழிகைக்கு, அதாவது 48 நிமிடங்களுக்கு, மிக நெருங்கி வருவதால், திதி அச்சிட்ட நாள்காட்டி ஒன்று கையிலிருந்தால் ஓத அட்டவணை இல்லாமலேயே ஓரளவு கணித்துக்கொள்ளலாம். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணை பெரிய துறைமுகங்களுக்கான நேரத்தைத்தான் தருகிறது. உங்கள் படகு நிற்கும் துறைக்கும் அந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களேதான் கண்டறிய வேண்டும்.

அதற்கான வழி எளிது. படகு கட்டும் இடத்தில், வற்றத்திலும் நீர் நிற்கும் ஆழத்தில், ஒரு சவுக்குக் கழியை உறுதியாக ஊன்றி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக வண்ணம் பூசிவிடுங்கள். அமாவாசையன்று காலை முதல் கவனித்து, நீர் எந்த நேரத்தில் மேற்கோட்டைத் தொட்டு நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது காலை 9 மணி என்று வைத்துக்கொள்வோம். அதற்கடுத்து வரும் பஞ்சமிக்கு ஐந்து நாட்கள் தள்ளிப்போயிருக்கும். ஐந்துக்குப் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். அன்றைய உச்சம் பிற்பகல் 1 மணியளவில் இருக்கும். அஷ்டமியன்று 3 மணியைத் தாண்டும். பதினைந்து நாட்கள் கழித்துப் பௌர்ணமிக்கு முப்பது நாழிகை சேர்ந்து, சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் நகர்ந்திருப்பதால், கணக்கு மீண்டும் 9 மணியிலேயே வந்து நிற்கும். இந்தக் கணக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் பிசகக்கூடும், அதிலும் அஷ்டமியையொட்டிய நாட்களில் பிசகு கூடுதல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கழியைப் பார்த்து அவ்வப்போது திருத்திக்கொள்ள வேண்டும்.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஏற்றத்தின் முழு உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கும், மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கும், ஐந்தில் இரண்டும், ஆறில் ஒன்றுமாக நீர் உயரும். ஓட்டம் கடுமையாக இருப்பது நடு இரண்டு மணி நேரம் என்பதே இதன் பொருள். ஆற்றுக்குள் போகப்போக இந்த ஒழுங்கு கலைந்து, ஏற்றம் குறுகியும் வற்றம் நீண்டும் போகும். உச்சமும் முகத்துவாரத்தைவிடத் தாமதமாகவே வரும். இன்னொன்றையும் புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்: முகத்துவாரத்தில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகும், உள்ளே நிரம்பி முடியாத பரப்பு இருக்கும்வரை, நீர் சிறிது நேரம் உள்நோக்கியே ஓடிக்கொண்டிருக்கும். எனவே நீர்மட்டத்தின் உச்சமும் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்றல்ல. ஓட்டத்தை அறிய கழி உதவாது. ஊன்றிய வலைக்கம்பைச் சுற்றி நுரை எந்தப் பக்கம் வால்விடுகிறது என்று பார்ப்பதே போதும்.

காற்றோடு சேர்த்துப் பார்த்தல்

பங்குனி முதல் ஆடி வரை காற்றுக்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. விடியற்காலையில் நிலத்திலிருந்து மெல்லிய காற்று கடலை நோக்கி வீசும்; வெயில் ஏறி நண்பகலை நெருங்கும்போது அது அடங்கி, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்து, மாலை வரை வலுக்கும். எஞ்சின் வருவதற்கு முன் பாய்மரப் படகுகளும் கட்டுமரங்களும் இந்த ஒழுங்கின்மேல்தான் இயங்கின: நிலக்காற்றில் போய், கடற்காற்றில் திரும்பின. பாய் பழகுகிறவர்களுக்கு இன்றும் அதுவே ஏற்ற பாடத்திட்டம்.

ஆற்றில் மேல்நோக்கிப் போக விரும்பினால், பிற்பகலில் ஏற்றம் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கடற்காற்று பின்னாலிருந்து தள்ள, நீரும் உடன் வரும். பாயை முழுதாக விரித்து, அணியம், அதாவது படகின் முன்பகுதி, ஆழ்ந்துவிடாதபடி ஆட்கள் சற்றுப் பின்னால் அமர்ந்தால் போதும். திரும்பி வருவதுதான் வேலை. எதிர்காற்றில் படகை நேராகக் கடலை நோக்கிச் செலுத்த முடியாது. காற்றுக்குச் சற்றேறக்குறைய 45 பாகை சாய்ந்து ஒரு கரையை நோக்கிப் போய், திருப்பி, மறு கரையை நோக்கிப் போக வேண்டும். வெள்ளாற்றின் அகலம் இதற்குப் பல இடங்களில் போதாது என்பது போலத் தோன்றும். ஆனால் வற்றத்து நீர் கீழே ஓடிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு திருப்பத்துக்கும் இடையில் படகை அதுவே கடல் பக்கம் நகர்த்திக்கொடுக்கும். பாய் அரை வேலை செய்தாலே போதுமானதாகிவிடும். தட்டையான அடிப்பகுதியுள்ள ஃபைபர் படகுக்குப் பக்கவாட்டு நழுவலைத் தடுக்க ஒரு பக்கப்பலகை அவசியம். பாக் நீரிணையின் வத்தை என்னும் பாய்மரப் படகுகளில் இத்தகைய பலகை இருப்பதைக் காணலாம். நம் தச்சர்களுக்கு அதைச் செய்யத் தெரியும், கேட்பவர்கள்தான் குறைவு.

பாய்க்கயிற்றை எக்காரணம் கொண்டும் முடிச்சிட்டுக் கட்டிவிடக் கூடாது. கையில் பிடித்திருக்க வேண்டும், அல்லது ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கில் இருக்க வேண்டும். தென்னந்தோப்பைத் தாண்டி வெட்டவெளிக்கு வரும் இடங்களில் காற்று திடீரென்று முழு வலுவோடு அடிக்கும். அந்த நொடியில் கயிறு தளர்ந்தால் பாய் படபடத்து அடங்கிவிடும், தளராவிட்டால் படகு கவிழும்.

இப்போது மேற்சொன்ன கணக்கோடு இதை இணைத்துப் பாருங்கள். உங்கள் துறையில் அமாவாசை உச்சம் காலை 9 மணி என்றால், அன்றைய வற்றத்தின் மிகக் கடுமையான ஓட்டம் நண்பகலையொட்டி அமையும். கடற்காற்று எழுவதும் அப்போதுதான். வெளியேறும் ஆற்று நீரும் உள்வரும் காற்றலையும் முகத்துவாரத்தில் மோதிக்கொள்ளும். இதுவே இக்கழிமுகத்தின் மிக மோசமான வேளை. அமாவாசை, பௌர்ணமியையொட்டிக் கோடைப் பிற்பகலில் கடலிலிருந்து திரும்பும்படி திட்டமிடாதீர்கள் என்ற ஒரே விதியைக் கடைப்பிடிப்பவர் பல இடர்களிலிருந்து விலகிக்கொள்கிறார்.

முகத்துவாரத்தைக் கடத்தல்

போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து வணிகம் செய்த துறை இது. ஆயினும் இன்றைக்கும் இதன் வாயைக் காப்பது ஒரு மணல்திட்டுதான், அது நின்ற இடத்தில் நிற்பதில்லை. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவத்து அலைகள் மணலை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்து அலைகள் தெற்கு நோக்கியும் நகர்த்துகின்றன. ஆண்டு முழுவதற்குமான கூட்டுத்தொகை வடக்கு நோக்கியே இருக்கிறது. கோடையில் ஆற்றில் நீர்வரத்து குறையும்போது மணல் சேர்ந்து வாய் குறுகும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அதை மீண்டும் அறுத்துத் திறக்கும். ஆகவே சென்ற ஆண்டு கடந்த வழி இந்த ஆண்டு இருக்கும் என்ற உறுதி கிடையாது.

கடக்கும் முன்பு கரையேறி, உயரமான மணல்மேட்டில் நின்று, குறைந்தது இருபது நிமிடமாவது அலையைப் பாருங்கள். எங்கே அலை வெள்ளையாக உடைகிறதோ அங்கே திட்டு இருக்கிறது. உடையாமல் உருண்டு மட்டும் வரும் கருமையான பட்டையே வழி. அலைகள் கூட்டமாக வருவதால், பெரியவை நான்கைந்து வந்த பின் ஓர் அடக்கம் இருக்கும். அந்த அடக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, உங்கள் படகு திட்டைத் தாண்ட அது போதுமா என்று மதிப்பிடுங்கள். பிறகு கரையில் இரண்டு அடையாளங்களைத் தேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் தெரியும்படி வழியைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்னால் ஒரு கொடிக்கம்பு, பின்னால் ஒரு பனை என்பது போல. கடலிலிருந்து திரும்பும்போது திட்டின் வெள்ளை நுரை உங்களுக்கு முதுகு காட்டியிருக்கும், ஆதலால் வழி தெரியாது. அப்போது இந்த இரண்டு அடையாளங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

அன்றாடம் போய் வருகிறவர்களிடம் கேட்பது இவை அனைத்தையும்விட மேலானது. "அண்ணே, இப்போ போகலாமா?" என்று கேட்டால், "தண்ணி திரும்பட்டும் தம்பி" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த வரியை மறுத்துப் பேச வேண்டாம்.

கடப்பதற்கு உரிய நேரம் ஏற்றத்தின் கடைசி ஒரு மணி நேரம். திட்டின்மேல் நீர் அதிகமாகவும் ஓட்டம் தளர்ந்தும் இருப்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், எஞ்சின் நின்றுபோனால் என்ன நடக்கும் என்பதில் இருக்கிறது. ஏற்றத்தில் நின்றுபோனால் நீர் படகை ஆற்றுக்குள் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். வற்றத்தில் நின்றுபோனால் உடையும் அலைக்குள் நேராக இழுத்துச் செல்லும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே, எவ்வளவு வலிமையான எஞ்சின் இருந்தாலும் வற்றத்தில் வெளியேறுவதைத் தவிர்க்க வேண்டும்.

புறப்படும் முன் அனைவரும் மிதவை உடையை அணிந்து, வாரைப் பூட்டியிருக்க வேண்டும். பலகைக்கடியில் வைத்திருக்கும் மிதவை உடை மிதவை உடையாகாது. உள்நீரை முழுதும் இறைத்து, தளர்வாகக் கிடக்கும் வலை, கேன், கூடை எல்லாவற்றையும் கட்டிவிடுங்கள். நங்கூரத்தை அணியத்தில், கயிறு சிக்கில்லாமல் மடித்து, கைக்கெட்டும்படி வையுங்கள். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து, அதை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

வெளியேறும்போது அணியம் அலையை நேராக, அல்லது மிகச் சிறிய சாய்வில், சந்திக்க வேண்டும். அலை எழும்போது வேகத்தைக் குறைத்து அதன்மேல் ஏறி, முகட்டைத் தாண்டியதும் மீண்டும் வேகமெடுங்கள். முழு வேகத்தில் முகட்டைத் தாண்டினால் படகு அந்தரத்தில் எழும்பி, அடிப்பகுதி அறைந்து விழும். ஃபைபர் அடித்தளம் விரிசல் விடுவது பெரும்பாலும் இப்படித்தான். திட்டின்மேல் வந்த பிறகு மனம் மாறித் திரும்ப முயல்வது எல்லாவற்றிலும் பேராபத்து. அலைக்குப் பக்கவாட்டைக் காட்டும் அந்தச் சில நொடிகள் போதும், படகு உருண்டுவிட.

உள்வரும்போது நிலைமை நேர்மாறு. வெளியே நின்று பெரிய அலைக்கூட்டம் கடந்துபோகக் காத்திருந்து, கடைசிப் பெரிய அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் அதன் பின்னாலேயே வர வேண்டும். அதை முந்தி முகட்டைத் தாண்டிவிட்டால், பின்பகுதி தூக்கப்பட்டு, அணியம் பள்ளத்தில் குத்தி, படகு பக்கவாட்டில் திரும்பும். சுக்கான் அப்போது பேச்சைக் கேட்காது. பின்தங்கி நின்றாலோ அடுத்த அலை பின்புறத்தில் உடைந்து படகை நிரப்பும். பின்னாலிருந்து வருவதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒருவரை அமர்த்துங்கள். வழி சரியில்லை என்று தோன்றினால் கடலிலேயே ஓரிரு மணி நேரம் நங்கூரமிட்டு ஏற்றத்துக்குக் காத்திருப்பதில் எந்த இழுக்கும் இல்லை; அதற்காகத்தான் குடிநீரும் எரிபொருளும் கணக்குக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நெரிசல் குறைந்த அந்த வாரங்களின் அதிகாலைகள், இவற்றைப் பழகுவதற்கு ஏற்றவை.

ஆற்றுக்குள்ளும் ஓடைகளிலும்

உள்ளே ஆபத்து குறைவு, தொல்லை அதிகம். வளைவுகளில் வெளிப்புறக் கரையோரம் ஆழம் இருக்கும், உட்புறத்தில் மணல் சேர்ந்திருக்கும். வற்றத்தில் தரைதட்டினால் தயங்காமல் உடனே இறங்கித் தள்ளுங்கள்; பத்து நிமிடம் யோசித்தால் ஆறு மணி நேரம் காத்திருக்க நேரும். ஏற்றத்தில் தரைதட்டினால் அவசரமே இல்லை. இறங்கும்போது வெறுங்காலோடு இறங்காதீர்கள். சேற்றில் புதைந்திருக்கும் ஆளிச் சிப்பிகளின் விளிம்பு சவரக்கத்திபோல் வெட்டும், அந்த வெட்டு எளிதில் ஆறாது. எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழியால் ஊன்றிப் போவதே இங்கே முறை. ஊன்றிய கழி சேற்றில் மாட்டிக்கொண்டால் கழியை விட்டுவிடுங்கள், கழியோடு நீங்களும் நின்றுவிடாதீர்கள்.

ஊன்றிய கம்புகளுக்கிடையே இறால் வலை கட்டியிருக்கலாம். அவ்விடத்தில் எஞ்சினை நிறுத்தி, கம்புகளுக்கு வெளியே சுற்றிப் போக வேண்டும்; வலையை அறுத்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போகும், உங்கள் புரொப்பெல்லரும் போகும்.

பிச்சாவரத்து அலையாத்திக் காடு 1,100 ஹெக்டேர் அளவிலானது. வனத்துறையின் ஒப்புதலின்றிச் சொந்தப் படகில் அதன் ஓடைகளுக்குள் நுழையக் கூடாது. ஒப்புதலோடு போனாலும், வெளியே ஏற்றம் தணியும் முன்பே திரும்பத் தொடங்குங்கள். ஓடைகள் ஒன்றுபோல் ஒன்று தோன்றுவதால், நீர் வற்றும் நேரத்தில் திசை தப்பியவர் சேற்றில் இரவைக் கழிக்க நேரலாம். கரையோர மரத்தில் படகைக் கட்டும்போது, அது தில்லை மரமா என்று முதலில் பாருங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த இந்த மரத்தின் கிளை முறிந்தால் வடியும் வெண்பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். சுரபுன்னையின் விழுதுகளில் கட்டுவதும் அவற்றுக்குக் கேடு. ஒரு கழியை ஊன்றிக் கட்டிக்கொள்வதே நல்லது.

கட்டுவதும் பேணுவதும்

நங்கூரக் கயிற்றின் நீளம், ஏற்ற உச்சத்தில் இருக்கும் ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். கழிமுகத்தில் ஆறு மணிக்கொருமுறை ஓட்டம் திசை மாறுவதால் படகு முழு வட்டமும் சுழலும். அந்த வட்டத்துக்குள் இன்னொரு படகோ வலைக்கம்போ இருக்கக் கூடாது. இரவு முழுதும் விட்டுச்செல்வதானால், ஆற்றுக்கு மேலும் கீழுமாக இரண்டு நங்கூரங்கள் இட்டு அணியத்தில் சேர்த்துக் கட்டுவது பாதுகாப்பு. கயிறு விளிம்பில் உராயும் இடத்தில் பழைய டயர்க் குழாயைச் சுற்றிவிடுங்கள்.

உவர்நீரில் நிற்கும் படகின் அடியில் கொட்டலசு என்னும் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர் சில வாரங்களிலேயே படர்ந்து வேகத்தைக் குறைக்கும். ஃபைபர் படகைக் கரையேற்றிச் சுரண்டினால் போதும். சுரண்டும்போது மேற்பூச்சு பெயர்ந்துவிட்டால் அன்றே அடைக்க வேண்டும். மரப்படகில் உண்மையான பகை கப்பற்புழு. அது உள்ளுக்குள் குடைந்து செல்வதால் வெளியே ஊசித்துளை மட்டுமே தெரியும். பலகையைச் சுத்தியால் தட்டி, ஓசை மழுங்கும் இடத்தைத் தேட வேண்டும். படகை அடிக்கடி கரையேற்றி உலரவிடுவதும், முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவதும் பழைய முறைகள். இன்றும் பயன் தருகின்றன. எஞ்சினை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நன்னீரில் ஓடவிட்டுக் கழுவாதவர், அதை ஆண்டுதோறும் மாற்றத் தயாராக இருக்கட்டும்.

மழைக்காலமும் எச்சரிக்கையும்

ஐப்பசி பிறந்ததும் வாடைக்காற்று நிலைத்து, மேலே சொன்ன நாள் ஒழுங்கு செல்லாமல் போகும். ஆற்றில் வெள்ளம் வரும்போது, அடியில் உப்பு நீர் ஏறிக்கொண்டிருக்க, மேலே நன்னீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றம் என்று கணக்கு சொல்லும் நேரத்திலும் படகு வெளியே இழுபடும். மிதந்து வரும் மரங்களும் வாழைத்தண்டுகளும் வேறு. இப்பருவத்தில் புதியவர்கள் முகத்துவாரத்தின் பக்கம் போகவே வேண்டாம்.

கடலூர், நாகப்பட்டினம் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைச் செய்தியில் கவனியுங்கள். முதலாம் எண் கூண்டு, தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதைக் குறிக்கும். மூன்றாம் எண், துறைமுகமே பலத்த காற்றுக்கு உள்ளாகக்கூடும் என்பதைக் குறிக்கும். முதலாம் எண் ஏறியதுமே படகை ஆற்றுக்குள் மேலே கொண்டுபோய்க் கட்டிவிடுவது நல்லது. மூன்றாம் எண்ணுக்குக் காத்திருந்தால் எல்லாரும் அதே இடத்தைத் தேடுவார்கள். கள்ளக்கடல் என்னும் திடீர்ப் பேரலைக்குக் கூண்டு ஏறாது. தொலைதூரப் புயலின் அலை வெயில் நாளிலும் வரும். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை எச்சரிக்கையைத்தான் அதற்குப் பார்க்க வேண்டும். அவசரத்துக்குக் கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் கைபேசியில் பதிவதோடு, நனைந்தாலும் அழியாத மையில் படகின் உட்பக்கத்திலும் எழுதிவிடுங்கள்.

எத்தனை பேர் போகிறோம், எந்த ஏற்றத்தில் திரும்புவோம், எத்தனை மணிக்குள் வராவிட்டால் யாருக்கு அழைக்க வேண்டும் என்ற மூன்றையும் கரையிலிருக்கும் ஒருவரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். தை பிறந்து வெள்ளம் வடிந்தபின், கழியை மீண்டும் ஊன்றி, மணல்மேட்டில் மீண்டும் நின்று பார்த்து, கரை அடையாளங்களைப் புதிதாகக் குறித்துக்கொண்ட பிறகே அந்த ஆண்டின் முதல் கடற்பயணத்துக்கு நாள் பார்க்கலாம்.